பெயரிட்டவர் யார்? லாத்வியாவின் தென் எஸ்தோனிய மொழித்தீவுகளும் இடப்பெயர்ச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

லாத்வியாவிலும் அதனை அடுத்த ரஷ்யப் பகுதியிலும் வாழ்ந்து, காலப்போக்கில் அயலார் மொழிக்கு மாறிவிட்ட தென் எஸ்தோனியக் குழுக்கள் லெய்வு, லுத்சி, கிராஸ்னா என்னும் மூன்றாகும். இக்குழுக்கள் வாழ்ந்த நிலப்பகுதியின் இடப்பெயர்களைச் சான்றாகக் கொள்ளும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்ப்பெயரும் அவ்வினத்தார் தம் மொழியில் இட்ட பெயரும் வெவ்வேறு வகைச் சான்றுகள் என்பதும், இடம்பெயராமல் மொழி மட்டும் மாறிய மக்கள் தம் பெயர்களைத் தாமே மொழிபெயர்த்துவிட வாய்ப்புண்டு என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, மொழித்தீவு, மொழிமாற்றம், லெய்வு, லுத்சி, கிராஸ்னா, தென் எஸ்தோனியம், இனப்பெயர்.

முன்னுரை

ஒரு மொழி ஒரு நிலப்பகுதியில் பேசப்பட்டதற்கு எழுத்துச் சான்று கிடைக்காதபோது ஆய்வாளர் முதலில் நாடுவது இடப்பெயர்களையே. பேசியவர் மறைந்தாலும் ஆற்றின் பெயரும் குன்றின் பெயரும் நிற்கும் என்பது இடப்பெயராய்வின் அடிப்படை நம்பிக்கை. இந்நம்பிக்கை பெரும்பாலும் மெய்யே. ஆயினும் அது எல்லா வகை மறைவுக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஒரு மக்கள் கூட்டம் நிலத்தை விட்டு அகல்வது ஒன்று. அதே நிலத்தில் இருந்துகொண்டே இரண்டு மூன்று தலைமுறைகளில் வேறு மொழிக்கு மாறுவது மற்றொன்று. இவ்விரு நிலைகளிலும் பெயர்களின் கதி ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாம் நிலையை ஆராய்வதற்கு, பால்டிக் கடற்கரை நாடுகளில் வாழ்ந்த எஸ்தோனிய மொழிச் சிறுபான்மையினரின் நிலப்பகுதி தெளிவானதொரு களமாக அமைகிறது.

எஸ்தோனியம் ஃபின்னிய மொழிக் குழுவைச் சேர்ந்தது. லாத்வியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. இரண்டும் முற்றிலும் வேறான மொழிக்குடும்பங்கள் ஆதலின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற பெயரைப் பிரித்தறிதல் எளிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அவ்வாறு இல்லை.

மூன்று மொழித்தீவுகள்

லெய்வு மக்கள் லாத்வியாவின் வடகிழக்கில், கௌயா ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிய இல்ஸெனெ வட்டாரத்தில் வாழ்ந்தனர். கௌயா ஆற்றுக்கு எஸ்தோனியத்தில் கொய்வா என்பது பெயர். எனவே எஸ்தோனிய ஆய்வாளர் இவர்களைக் கொய்வா நாட்டு மக்கள் என்றும் குறிப்பர். லுத்சி மக்கள் தென்கிழக்கே லத்கலே பகுதியில், லுட்ஸா நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்ந்தனர்; லுத்சி என்பது லுட்ஸா என்னும் பெயரின் எஸ்தோனிய வடிவமே. கிராஸ்னா மக்கள் இன்றைய ரஷ்யாவின் ப்ஸ்கோவ் மாநிலத்தில் கிராஸ்னகரோத்ஸ்க் என்னும் ஊரைச் சூழ்ந்து வாழ்ந்தனர். மூன்று குழுக்களின் பேச்சும் எஸ்தோனியத்தின் தென் கிளையைச் சார்ந்தது. வட கிளையிலிருந்து தென் கிளை மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தது என்பது ஃபின்னிய மொழியியலாரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வட எஸ்தோனியர் ‘ஒன்று’ என்பதை யூக்ஸ் என்பர். தென் எஸ்தோனியர் யூத்ஸ் என்பர். இத்தகைய ஒழுங்கான ஒலி வேறுபாடுகள் பல உண்டு. இடப்பெயரை எந்தக் கிளைக்கு உரியது எனத் தீர்மானிக்க இவை துணைபுரிகின்றன.

இக்குழுக்களின் இருப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் அறிஞர் கவனத்திற்கு வந்தது. மொழியியலார் சியோக்ரென் 1846இல் லெய்வு மக்களிடையே சென்றார். எஸ்தோனிய நாட்டார் வழக்காற்றியலார் ஒஸ்கார் கல்லாஸ் 1893இல் லுத்சி ஊர்களுக்குச் சென்று, 1894இல் ‘லுத்சி மாரஹ்வஸ்’ என்னும் நூலையும், கிராஸ்னா மக்களைப் பற்றி 1903இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். பின்னாளில் லண்டனில் எஸ்தோனியாவின் தூதராகப் பணியாற்றியவரும் இவரே. ஃபின்லாந்து மொழியியலார் ஹெய்க்கி ஒயன்சூ, எஸ்தோனியரான பவுலொபிரீத் வூலைனெ, வால்தெர் நீலுஸ், பவுல் அரிஸ்தெ ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பேச்சுப் பனுவல்களைத் திரட்டினர். கிராஸ்னா பேச்சு அந்நூற்றாண்டின் முற்பாதியிலேயே மறைந்தது. லெய்வு மொழியைப் பேசிய கடைசி மனிதர் 1988இலும், லுத்சி மொழியைப் பேசிய கடைசி மனிதர் 2006இலும் காலமாயினர்.

மூன்று குழுக்களும் ஒரே வரலாற்றைக் கொண்டவை அல்ல. 1629ஆம் ஆண்டின் ஆல்ட்மார்க் உடன்படிக்கைக்குப் பின் லெய்வு வட்டாரம் அடங்கிய விட்ஸெமெ சுவீடனின் ஆட்சிக்குள் வந்தது. லத்கலே போலந்து-லித்துவேனிய அரசிடமே எஞ்சியது. முன்னதில் லூத்தரன் சபையும் பின்னதில் கத்தோலிக்கமும் நிலைபெற்றன. லத்கலே 1772இல் ரஷ்யாவுக்குச் சென்ற பின்னும் விட்ஸெமெயோடு இணைக்கப்படாமல் தனி நிர்வாகத்திலேயே இருந்தது. லுத்சி, கிராஸ்னா மக்கள் பிற்காலத்தில் குடியேறியவர்களாகவே பொதுவாகக் கருதப்படுகின்றனர். லெய்வு மக்கள் குடியேறியவர்களா, அன்றி லாத்விய மொழி பரவுமுன் அங்கு வாழ்ந்த ஃபின்னியக் குடிகளின் எச்சமா என்பது நெடுநாள் விவாதம். இவ்விவாதத்தில் இடப்பெயர்களே முதன்மைச் சான்றாக முன்வைக்கப்படுவதால், அச்சான்றின் இயல்பை நுணுகிப் பார்ப்பது இன்றியமையாதது.

தம் பெயரும் பிறர் இட்ட பெயரும்

இம்மக்கள் தம்மை ‘எஸ்தோனியர்’ என அழைத்துக்கொள்ளவில்லை. மாரஹ்வஸ் என்பதே இவர்தம் தற்பெயர். ‘மா’ என்பது நிலம். ‘ரஹ்வஸ்’ என்பது மக்கள். எஸ்தோனியர் அனைவருமே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தம்மை இவ்வாறே அழைத்துக்கொண்டனர். 1857இல் இதழாளர் யான்சென் தம் செய்தித்தாளில் வாசகரை ‘எஸ்தோனிய மக்களே’ என விளித்தது ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. தாய்நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட மொழித்தீவுகளுக்கு அப்புதுப்பெயர் சென்று சேரவில்லை, பழம்பெயரே எஞ்சியது.

இதன் இடப்பெயரியல் விளைவு எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. ‘நிலத்து மக்கள்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஒரு சமூகம் தன் ஊருக்குத் தன் இனப்பெயரைச் சூட்டுவதில்லை. சூட்டத் தேவையும் இல்லை. ஆகவே வடகிழக்கு லாத்வியாவில் ‘எஸ்தோனியர்’ எனப் பொருள்படும் பெயர் எங்கேனும் காணப்பட்டால், அது எஸ்தோனியர் இட்ட பெயராக இருத்தல் அரிது. அது அண்டை வீட்டாரின் வாய்ச்சொல்.

லாத்வியத்தில் எஸ்தோனியரைக் குறிக்கும் சொல் இகௌனிஸ், பன்மையில் இகௌஞி. (லாத்விய எழுத்தில் வால்குறி இட்ட னகரத்தின் ஒலி தமிழின் ஞகரமே ஆதலின் இவ்வாறு எழுதுதல் பொருந்தும்.) இச்சொல் தென்கிழக்கு எஸ்தோனியாவின் பழைய நாடான உகாந்தியின் பெயரிலிருந்து வந்தது, 13ஆம் நூற்றாண்டின் லிவோனிய ஹென்றி வரலாற்றேட்டில் இது உகௌனியா என இலத்தீன் வடிவில் பயில்கிறது. எல்லையில் முதலில் எதிர்ப்படும் குடியின் பெயரை அயலினம் முழுமைக்கும் ஏற்றுவது இப்பகுதியின் பொது வழக்கம். லாத்வியர் ரஷ்யரைக் கிரியெவி என்பதும் கிரிவிச்சி என்னும் ஸ்லாவியக் குடியின் பெயரால்தான்.

லாத்வியப் பண்ணை வீடுகளின் பெயர்கள் பெரும்பாலும் பன்மை வடிவில் அமைவன. இகௌஞி என்னும் பண்ணைப் பெயர் ‘எஸ்தோனியர் வீடு’ என்னும் அளவிலேயே பொருள்படும். அப்பெயர் தோன்ற ஊர் முழுதும் எஸ்தோனியராக இருக்க வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்து ஒரு பண்ணையை ஏற்று நடத்திய ஒரே ஒரு குடியானவர் போதும். இன்னும் ஒருபடி மேலே சென்று கூறலாம்: எல்லாரும் எஸ்தோனியராக இருந்த ஊரில் ஒரு வீட்டை மட்டும் ‘எஸ்தோனியர் வீடு’ என்று எவரும் அழைக்கமாட்டார். அடையாளம் காட்டுவதே பெயரின் பணி; சூழலிலிருந்து வேறுபட்டு நிற்பதே அடையாளமாகும். எனவே இகௌஞி போன்ற பெயர் எஸ்தோனியர் செறிந்து வாழ்ந்த இடத்தைவிட, அவர்கள் அரிதாக வாழ்ந்த இடத்தையோ அவர்தம் வாழிடத்தின் விளிம்பையோதான் சுட்டும். இனப்பெயர் தாங்கிய ஊர்களை நிலப்படத்தில் புள்ளியிட்டு, புள்ளி செறிந்த இடத்தை அவ்வினத்தின் தாயகம் எனக் காட்டும் முறை இதனால் பிழைபடுகிறது. சில வேளைகளில் அது உண்மையை நேர் எதிராகவே காட்டிவிடும்.

பிறர் இடும் பெயர் இனத்தையே மாற்றிக் காட்டவும் கூடும். தென் லாத்வியாவின் பௌஸ்கா வட்டாரத்தில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் லிவோனிய மறவர் சபையினர் போர்க் கைதிகளைக் கொணர்ந்து குடியமர்த்தினர். அவர்கள் இங்ரியா பகுதியைச் சேர்ந்த வோட்டியர். ஃபின்னிய மொழி ஒன்றைப் பேசியவர். ரஷ்யத் திசையிலிருந்து வந்தமையால் லாத்வியர் அவர்களைக் கிரியெவிஞி, அதாவது ‘சிறு ரஷ்யர்’ என்றழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்தம் மொழி மறைந்துவிட்டது. மொழியியலார் வீடெமான் 1871இல் அம்மொழியின் எச்சங்களைத் தொகுத்து ஆராய்ந்திராவிடில், அந்த இனப்பெயரை மட்டும் காணும் ஆய்வாளர் அங்கே ஸ்லாவியக் குடியேற்றம் நிகழ்ந்ததாகவே முடிவு செய்திருப்பார். பெயர் பொய் சொல்லவில்லை. அண்டை வீட்டார் எதைக் கண்டனரோ அதைச் சொல்கிறது.

லெய்வு என்னும் பெயரும் இவ்வகையில் கருதத்தக்கது. இம்மக்கள் பேசியது தென் எஸ்தோனியமே; பெயரோ மற்றொரு ஃபின்னிய மக்களான லிவ் இனத்தாரை நினைவூட்டுகிறது. இப்பெயரொற்றுமையை மட்டும் கொண்டு இவர்களை லிவ் மக்களின் வழியினர் என முடிவு செய்வது பொருந்தாது.

ஒலிமாற்றமும் வடிவமாற்றமும்

எஸ்தோனியப் பெயர் லாத்வியருக்குள் செல்லும்போது மூன்று தடைகளைக் கடக்கிறது.

முதலாவது உயிரொலி. எஸ்தோனியத்தில் இதழ் குவியாமல் ஒலிக்கும் ஓர் உயிர் உண்டு. தமிழ் மாணவருக்கு இதனை விளக்குவது எளிது. குற்றியலுகரத்தின் ஒலிக்கு அது அண்மையது. (எழுத்து வசதிக்காக அது இக்கட்டுரையில் ஒகரமாகவே எழுதப்படுகிறது.) லாத்வியத்தில் இவ்வுயிர் இல்லை. இன்றைய லாத்விய எழுத்து மரபு அதனை எகரமாகப் பெயர்த்தெழுதுகிறது. வொரு என்னும் எஸ்தோனிய நகரம் லாத்வியத்தில் வெரு. பொல்வா என்பது பெல்வா. இதழ் குவிந்த முன் உயிர் இகரமாகிறது: த்யூரி என்னும் நகரம் திரி ஆகிறது. இவை இக்கால விதிகள். பழங்கால வாய்வழிக் கடன்களில் இத்தகைய ஒழுங்கை எதிர்பார்க்க இயலாது. ஒரே உயிர் ஓரிடத்தில் அகரமாகவும் மற்றோரிடத்தில் உகரமாகவும் மாறியிருக்கலாம். ஆகவே ஒலிவிதியை மட்டும் பின்னோக்கிச் செலுத்தி மூலச் சொல்லை மீட்டெடுக்கும் முயற்சி ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தரும்.

இரண்டாவது ஈறு. எஸ்தோனியத்தில் பால் பாகுபாடு இல்லை. லாத்வியப் பெயர்ச்சொல்லோ ஆண்பால் பெண்பால் ஈறு இன்றி நிற்காது. எஸ்தோனிய இடப்பெயரில் சிறப்புக்கூறு பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையில் உயிரீறாக நிற்கும். அதன்பின் மேகி (குன்று), யெர்வ் (ஏரி), சோ (சதுப்பு), க்யூலெ (ஊர்) போன்ற பொதுக்கூறு வரும். லாத்விய வாயில் பொதுக்கூறு உதிர்ந்துவிடலாம், அன்றி அதன்மேல் லாத்விய ஈறு ஏறலாம். தமிழ் இடப்பெயராய்வில் பயிலும் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என்னும் பகுப்பு இங்கு மிகப் பயன்படுகிறது. பொதுக்கூறு எஞ்சியிருந்தால் அடையாளம் காணல் எளிது. உதிர்ந்திருந்தால் எஞ்சுவது பொருள் விளங்காத ஓரிரு அசைகளே.

மூன்றாவது தடை நாட்டார் சொற்பிறப்பு. தென் எஸ்தோனியத்தில் ‘பலொ’ என்பது வறண்ட மணற்பாங்கான நிலத்தின் ஊசியிலைக் காடு. லாத்வியத்தில் ‘பலி’ என்பது பனியுருகி வரும் வெள்ளம். எஸ்தோனியத்தில் ‘கல்ம்’ என்பது கல்லறை; லாத்தியக் ‘கல்ன்ஸ்’ என்பது குன்று. ஒலிநெருக்கம் உள்ள இடத்தில் கேட்பவர் தம் மொழிச்சொல்லையே கேட்பர். மேட்டுநிலத்தில் அமைந்த ‘பலி’ என்னும் பெயரைக் காணும் ஆய்வாளர் நிலத்தைப் பார்த்த பின்னரே பொருள் காண வேண்டும். வெள்ளம் ஏற முடியாத மணல்மேட்டில் வெள்ளத்தின் பெயர் நிற்குமாயின் அங்கு வினா எழுகிறது. ‘லெத்தெ’ என்னும் தென் எஸ்தோனியச் சொல் நீரூற்றைக் குறிப்பது. ‘லெத்தி’ என்பது எஸ்தோனியர் லாத்வியாவுக்கு இட்ட பெயர். இவ்விரண்டையும் மயங்கி, ஊற்றின் பெயரை இனத்தின் பெயராகப் படிக்கும் ஆபத்தும் உண்டு.

அசையழுத்தம் இவ்வாய்வில் உதவாது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஃபின்னிய மொழிகளில் அழுத்தம் சொல்லின் முதலசையில் விழும். லாத்வியத்திலும் அவ்வாறே, ஃபின்னிய மொழிகளின் தொடர்பால்தான் லாத்வியம் இப்பண்பைப் பெற்றது என்பது பரவலான கருத்து. மொழியின் ஒலியமைப்பிலேயே ஊடுருவிய தொடர்பு, பெயர்களைப் பிரித்தறியும் ஒரு கருவியை ஆய்வாளரிடமிருந்து பறித்துக்கொண்டது.

நீர்ப்பெயர்களும் மொழிபெயர்ப்பும்

பேராறுகளின் பெயர்கள் எளிதில் மாறுவதில்லை. ஆறு ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பல ஊராரும் பல மொழியினரும் அதன் பெயரை அறிவர். எனவே ஒரு கரையில் மொழி மாறினாலும் பெயர் மறுகரையில் காக்கப்படும். எனினும் கௌயா - கொய்வா என்னும் இணையே தெளிவாக இல்லை. எஸ்தோனியப் பெயரைப் பிர்ச் மரத்தைக் குறிக்கும் ‘கொய்வ்’ என்னும் தென் எஸ்தோனியச் சொல்லோடு இணைப்பர். ஆனால் மரப்பெயரின் முதலுயிர் மேற்கூறிய இதழ் குவியா உயிர். ஆற்றின் பெயரில் வருவது இயல்பான ஒகரம். லாத்வியத்திலோ ‘கௌயா’ என்பதற்குத் ‘திரள், மிகுதி’ எனப் பொருள்தரும் சொல் ஒன்று உண்டு. இரு மொழியினரும் தத்தம் மொழியில் பொருள் காணும் பெயர் இது. எந்த மொழி முந்தியது என்பதற்கு இப்பெயரை மட்டும் சான்றாக நிறுத்த இயலாது.

தென்கிழக்கு எஸ்தோனியாவில் தோன்றி லாத்வியாவுக்குள் பாயும் பெதெட்ஸெ ஆறு எஸ்தோனியத்தில் பெதெத்சி எனப்படும். இதனைப் பைன் மரத்தைக் குறிக்கும் ‘பெதெயஸ்’ என்னும் சொல்லோடு இணைத்துப் பார்ப்பது இயல்பு. ஆற்றின் தலைப்பகுதி எஸ்தோனிய மொழி நிலத்தில் இருப்பது இவ்விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் இப்பெயர் லெய்வு மக்கள் விட்டுச் சென்றது எனக் கூறுவதற்கில்லை. ஆற்றின் பெயர் நீரோடு சேர்ந்து கீழே இறங்கி வந்திருக்கலாம்.

விட்ஸெமெயில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கு எஸ்தோனியம் மட்டுமன்றி லிவ் மொழியும் பரவலாகப் பேசப்பட்டது. ரீகாவை ஒட்டிய யுக்லா என்னும் நீர்ப்பெயர் ஆற்றைக் குறிக்கும் லிவ் சொல்லிலிருந்து வந்ததாக விளக்கப்படுகிறது. அதே பொருளில் எஸ்தோனியர் ‘யொகி’ என்பர். இரண்டும் ஒரே மூலத்தின் வடிவங்கள். ஒலி சிதைந்த ஒரு பெயரில் ஃபின்னியக் கூறு உண்டெனக் காட்டுவது எளிது. அது லிவ்வா எஸ்தோனியமா, எஸ்தோனியமாயின் தென் கிளையா வட கிளையா எனக் காட்டுவதே கடினம். ‘மொத்ஸ்’ (காடு), ‘லெத்தெ’ (ஊற்று), ‘பலொ’ (மணற்காடு) போன்ற, வட எஸ்தோனியப் பொதுவழக்கிலிருந்து வடிவத்தாலோ பயன்பாட்டாலோ வேறுபடும் சொற்களே இங்குப் பயன்தருவன.

இனி, மொழிபெயர்ப்பு. லாத்வியாவின் அலூக்ஸ்னெ மேட்டுநிலத்திலிருந்து எஸ்தோனியாவுக்குள் பாயும் ஓர் ஆற்றுக்கு லாத்வியத்தில் மெல்னுபெ என்பது பெயர்: ‘மெல்ன்ஸ்’ கருப்பு, ‘உபெ’ ஆறு. எஸ்தோனியத்தில் அதற்குப் பேத்ரி என்னும் வேறு பெயர் உண்டு. அது சென்று சேரும் ஆறோ முஸ்த்யொகி: ‘முஸ்த்’ கருப்பு, ‘யொகி’ ஆறு. சதுப்பு நிலங்களின் வழியே வரும் நீர் கருநிறமாக இருத்தல் இயற்கை. ஆகவே இரு மொழியினரும் தனித்தனியே இப்பெயரைச் சூட்டியிருக்கலாம். ஒருவர் பெயரை மற்றவர் மொழிபெயர்த்திருக்கவும் கூடும். பெயர்களைப் பார்த்து இவ்விரண்டில் எது நிகழ்ந்தது எனச் சொல்ல வழியில்லை.

இக்கட்டுரையின் மையக் கருத்து இவ்விடத்தில்தான் நிற்கிறது. ஒரு மக்கள் கூட்டம் அகன்று, அதன் நிலத்தில் வேற்றுமொழியினர் குடியேறும்போது, வந்தவருக்குப் பழம்பெயர்களின் பொருள் தெரியாது. அவர்கள் ஒலியை மட்டும் கேட்டு அப்படியே ஏற்பர். பொருள் தெரியாமையே அப்பெயர்களைக் காக்கிறது. லெய்வு, லுத்சி மக்களின் நிலை வேறு. அவர்கள் தம் வயலிலேயே இருந்தனர். முதலில் இருமொழியாளர் ஆயினர். பின்னர் பிள்ளைகளிடம் லாத்தியமோ ரஷ்யமோ மட்டும் பேசினர். இடைப்பட்ட இருமொழித் தலைமுறைக்கு ‘லெத்தெ’ என்றாலும் லாத்தியத்தின் ‘அவொத்ஸ்’ என்றாலும் நீரூற்றே என்பது நன்கு தெரியும். பாட்டியிடம் ஒரு பெயரும் பள்ளி ஆசிரியரிடம் மற்றொரு பெயரும் சொல்ல அத்தலைமுறையால் இயலும். பாட்டி மறைந்தபின் இரண்டாவது பெயரே எஞ்சும். இன்று அவ்வூற்று ‘அவொத்ஸ்’ என்னும் தூய லாத்வியப் பெயருடன் நிற்குமாயின், அது ஒருகாலத்தில் எஸ்தோனியப் பெயர் கொண்டிருந்தது என்பதை அப்பெயரிலிருந்து ஒருவராலும் கண்டறிய முடியாது.

ஆகவே நிலத்தில் தங்கியே மொழி மாறிய மக்கள், நிலத்தை விட்டு அகன்ற மக்களைவிடக் குறைவான பெயர்ச்சுவடுகளையே விட்டுச் செல்ல வாய்ப்புண்டு. இது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஆனால் லெய்வு வட்டாரத்தில் எஸ்தோனியப் பெயர்கள் அருகியிருப்பதைக் காட்டி ‘அவர்கள் அண்மையில் வந்தவரே’ என வாதிடும்போது இம்முரணை எதிர்கொண்டே ஆக வேண்டும். பெயரின்மை, வாழாமையைக் காட்டாது.

பண்ணையும் ஊரும் பதிவேடும்

விட்ஸெமெயின் குடியிருப்பு முறை தனிப் பண்ணைகளால் ஆனது. ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அதில் வாழ்பவர் அப்பெயராலேயே அறியப்பட்டனர். பண்ணைக்குப் புதிய குடியானவர் வந்தால் அவரும் வீட்டின் பெயரை ஏற்றார். அரிதாக, வீடு அவர் பெயரை ஏற்றது. விட்ஸெமெயில் பண்ணையடிமை முறை 1819இல் நீக்கப்பட்டு, 1820களில் குடியானவர்க்குக் குடும்பப்பெயர் வழங்கப்பட்டது. அதுவரை பண்ணைப் பெயரே ஒருவரின் அடையாளம். லத்கலேயில் மக்கள் நெருங்கிய ஊர்களில் வாழ்ந்தனர். பண்ணையடிமை முறையும் 1861 வரை நீடித்தது. லுத்சி மக்கள் ஏற்கனவே பெயர் பெற்றிருந்த, பிற மொழியினரும் வாழ்ந்த ஊர்களில் குடியேறியமையால், ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ஸ்லாவிய, லத்கலிய வடிவங்களிலேயே அமைந்தன. லுத்சிப் பேச்சில் சில ஊர்களுக்குத் தனி வழக்குப்பெயர்கள் இருந்தன. அவை பதிவேட்டில் ஏறவில்லை. அதாவது, ஊர்ப்பெயரைக் கொண்டு லுத்சி மக்களைத் தேடினால் கிடைப்பது மிகச் சிறிதே.

எழுத்துச் சான்றுகளில் முதலில் நோக்கத்தக்கது சுவீடன் அரசு 1638இல் விட்ஸெமெயில் மேற்கொண்ட ஏர்க் கணக்கெடுப்பு. வரி விதிப்பதற்காகப் பண்ணைகளையும் குடியானவர்களையும் பதிந்த இவ்வேடு, ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பல இடங்களில் குறிக்கிறது. எழுதியோர் வேற்று மொழியினர் ஆதலின் பெயர்கள் அவர்தம் செவிக்கு ஏற்பத் திரிந்துள்ளன. அதன்பின் 1700இல் தொடங்கிய பெரும் வடபோரும், 1710-11இன் கொள்ளைநோயும் இப்பகுதியைப் பாழாக்கின. பல பண்ணைகள் ஆளின்றிக் கிடந்தன; பின்னர் வேறிடத்தார் குடியமர்ந்தனர். ஆகவே 1638இன் பெயருக்கும் பின்வந்த பெயருக்கும் இடையே தொடர்ச்சி உண்டென எடுத்துக்கொள்வதற்கு முன், அப்பண்ணையில் குடித்தொடர்ச்சி இருந்ததா எனக் காண வேண்டும்.

லாத்விய மொழியியலார் யானிஸ் எண்ட்ஸெலீன்ஸ் திரட்டிய இடப்பெயர்த் தொகுதிகள் இத்துறையின் அடித்தளம். விட்ஸெமெப் பெயர்கள் 1922இலும், குர்ஸெமெ, லத்கலேப் பெயர்கள் 1925இலும் வெளிவந்தன. காலம் கவனிக்கத்தக்கது. 1920இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தால் பெருநிலக்கிழார் தோட்டங்கள் பிரிக்கப்பட்டுப் புதிய பண்ணைகள் உருவாயின. லத்கலேயில் நெருங்கிய ஊர்களே கலைக்கப்பட்டுத் தனிப் பண்ணைகளாயின. புதிய உரிமையாளர் தம் விருப்பப்படி லாத்வியப் பெயர்களைச் சூட்டினர். எண்ட்ஸெலீன்ஸின் தொகுப்பு இம்மாற்றம் முற்றுவதற்கு முன்னைய நிலையைப் பெருமளவு காட்டுவதால், பின்வந்த நிலப்படங்களைவிட நம்பகமானது.

நுண்ணிடப்பெயர்கள்

இவையனைத்துக்கும் கீழே, ஒரு வயல், ஒரு புல்வெளி, ஆற்றில் மீன் பிடிக்கும் ஒரு வளைவு ஆகியவற்றின் பெயர்கள் உள்ளன. இந்நுண்ணிடப்பெயர்கள் ஒரு குடும்பத்தின் அல்லது இரண்டு மூன்று பண்ணைகளின் பேச்சுக்குள் மட்டுமே வாழ்பவை. வரிப்பதிவுக்கோ நிலப்படத்துக்கோ அவை தேவைப்படுவதில்லை. அதனாலேயே அவை அரசு மாற்றங்களுக்குத் தப்புகின்றன. அதனாலேயே பேச்சு மறையும்போது உடன் மறைகின்றன. குடியேற்றக் காலம் பற்றிய விவாதத்தில் இவற்றின் மதிப்பு பெரிது. ஆறு, ஏரிகளின் பெயர்களில் காணும் ஃபின்னியக் கூறு எந்தக் காலத்துக்கும் எந்த மக்களுக்கும் உரியதாக இருக்கலாம். வயலின் பெயர் தெளிவான தென் எஸ்தோனிய இலக்கணத்தோடு அமைந்திருந்தால், அவ்வயலை உழுதவர் அம்மொழியில் பேசினர் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பெயர்கள் இன்று கிடைக்கக்கூடிய இடம் பேச்சுப் பனுவல்கள். நீலுஸ் 1937இல் வெளியிட்ட லெய்வுப் பனுவல் தொகுப்பும், எஸ்தோனியக் காப்பகங்களிலுள்ள ஒலிப்பதிவுகளும் மொழியமைப்பை அறியவே பெரிதும் பயன்படுத்தப்பட்டுள்ளன. வைக்கோல் ஏற்றியது, மாடு தொலைந்தது, கல்யாணத்துக்குச் சென்றது எனப் பேசிச் செல்பவர் இடையிடையே இடங்களைச் சுட்டுகிறார். அப்பெயர்கள் வேற்றுமை உருபோடு வருகின்றன. எஸ்தோனியத்தில் சில இடப்பெயர்கள் ‘உள்ளே’ என்னும் பொருள்தரும் உருபையும், சில ‘மேலே’ என்னும் பொருள்தரும் உருபையும் ஏற்கும். ஒரு பெயர் எவ்வுருபை ஏற்கிறது என்பது அவ்வூரார் வழக்கால் அமைவது. நிலப்படத்தில் காணாத இச்செய்தி, பெயர் அச்சமூகத்தின் சொந்தப் பேச்சில் வேரூன்றியதா, அதிகாரிகளிடமிருந்து இரவல் பெற்றதா என்பதைக் காட்டவல்லது. பனுவல்களில் வரும் இடப்பெயர்களை உருபோடு பிரித்தெடுத்து, 19ஆம் நூற்றாண்டின் தோட்ட நிலப்படங்களோடும் எண்ட்ஸெலீன்ஸின் பட்டியலோடும் பண்ணை பண்ணையாக ஒப்பிடும்போது, மொழிபெயர்க்கப்பட்ட பெயர்களும் வெளிப்படும். ஒரே வயலுக்குப் பேச்சில் எஸ்தோனியப் பெயரும் ஏட்டில் அதே பொருளுடைய லாத்வியப் பெயரும் காணப்படுமிடங்கள் அவை.